எந்த ஊருங்க?

எங்கள் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பேர் கேட்க மாட்டார்கள். "எந்த ஊருங்க?" என்பார்கள். அடுத்தது, "யாரு பையன்?" அப்புறம் எந்தக் கோயில், எந்தக் கூட்டம் என்று தோண்டிக்கொண்டே போய், பத்து நிமிடத்தில் நம் தாத்தாவோடு பழகியவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில், தன்னை யாரென்று வெளியில் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் ஒன்றுகூடுவது எப்படி என்பதுதான் எனக்கிருந்த முதல் சந்தேகம்.

அண்ணனுக்கு ரிக் வண்டியில் வேலை. போர்வெல் போடுகிற இந்த வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி ஒடிசா, சத்தீஸ்கர் என்று போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். ராத்திரி முழுக்க கம்ப்ரசர் சத்தம், கல்தூள். விடிந்ததும் தூங்குவதற்கு ஒரு குவார்ட்டர். அங்கே ஆரம்பித்தது ஊருக்கும் கூடவே வந்தது. போன வருடம் டீ டம்ளரைப் பிடிக்க அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

வீட்டில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று பெரியப்பா சொன்னார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வருடக்கணக்காக தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். "நடுக்கத்துக்கு மாத்திரை இருக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரை கிடையாது. இவங்கள்ட்ட பேசுங்க."

நான்தான் போன் செய்தேன். "குடிக்கிறது நீங்களா, வீட்ல வேற யாராவதுங்களா?" என்றது அந்தக் குரல். அண்ணன் என்றேன். "அப்ப போனை அவர்ட்ட குடுங்கம்மா." அவ்வளவுதான். அண்ணன் தென்னை மரத்தடிக்குப் போய் இருபது நிமிடம் பேசினான். திரும்பி வந்து, "பாப்பா, அவரும் குடிச்சவராமா," என்றான். டாக்டர், பெரியப்பா, நான் எல்லோரும் சொன்னதைவிட அந்த ஒரு விஷயம் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

இந்த இயக்கம் தொடங்கியதே அப்படித்தான். 1935இல் பில் வில்சன் என்கிற நியூயார்க் பங்குத் தரகர் வேலையாக ஆக்ரன் நகரத்துக்குப் போனார். காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டல் கூடத்தில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தேவாலயங்களுக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். கிடைத்தவர் அறுவைச் சிகிச்சை மருத்துவரான பாப் ஸ்மித். அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். வேலைக்காக வெளியூர் போய்த் தனியாக மாட்டிக்கொண்ட ஆளின் கதை. ரிக் வண்டிக்காரனுக்கு விளங்காமல் போகுமா?

"சேலம்னா வாறேன்," என்றான் அண்ணன். "அங்க நம்மாளுக யாரும் இருக்க மாட்டாங்க." சங்ககிரி வழியாக பஸ். ஒரு சின்ன அறை, பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. அன்று குடும்பத்தாரும் உட்காரலாம் என்கிற திறந்த கூட்டம். உள்ளே நுழைந்ததும் முதல் வரிசையில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்! அவரும் இதே கணக்குப் போட்டுத்தான் சேலம் வந்திருக்கிறார். அண்ணன் திரும்பிவிடுவான் என்றே நினைத்தேன். அவர் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்க பேரு மட்டும் போதுமுங். ஊரெல்லாம் வேண்டாம்."

அங்கே யார் என்ன பேசினார்கள் என்று எழுதப்போவதில்லை. அது அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். எப்படிக் கேட்டார்கள் என்பதைச் சொல்லலாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதில்லை. புத்தி சொல்வதில்லை. "ச்சொ ச்சொ" கிடையாது. கட்டணமும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது; நான் பர்ஸைத் திறந்ததும் உறுப்பினர்கள் மட்டும்தான் போடலாம் என்று தடுத்துவிட்டார்கள். பிரார்த்தனைதான் எனக்கு ஒட்டவில்லை. டீ குடிக்கும்போது அதைச் சொன்னேன். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு பெரியவர் சிரித்துவிட்டு, தனக்கு மேலான சக்தி என்பது இந்தப் பதினைந்து நாற்காலிதான் என்றார்.

குடியை நிறுத்துவதில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, அங்கிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் வேலை பார்த்தார். பிறகு சென்னை மாகாண பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அப்போது அதற்குள்ளேதான். 1971இல் கடை திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 2003இலிருந்து டாஸ்மாக்கே சில்லறைக்கு விற்கிறது. சட்டம் வருவதும் போவதுமாக இருக்கட்டும். அண்ணனுக்கு முன்னால் இருந்தது அன்றைய சாயங்காலம். கூட்டத்தில் அதைத்தான் சொன்னார்கள்: இன்றைக்கு மட்டும். ஆயுசுக்கும் விடுவேன் என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து பழகிய எங்களுக்கு இது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

அண்ணன் பதினோரு கூட்டம் போய்விட்டான். நடுவில் ஒரு வாரம் குடித்தான்; மறுபடியும் போனான். யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம். நாற்காலியை இழுத்துப் போட்டார்களாம்.

குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்றொரு அமைப்பும் இருக்கிறது. 1951இல் பில்லின் மனைவி லோயிஸ் தொடங்கியது. அதைப் பற்றி நங்கையாவிடம், அதாவது அண்ணன் மனைவியிடம், சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"குடிச்சது உங்கண்ணன். நான் எதுக்குக் கண்ணு கூட்டத்துக்குப் போகோணும்?"

கொஞ்ச நேரம் கழித்து, "அங்கயும் ஊரு பேரு கேக்க மாட்டாங்களா?" என்றார்.