காரட் பிஸ்கட்டும் அப்பாயியின் கண்ணும்

கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் வீட்டில் அதிரசமும் முறுக்கும்தான். அம்மா பெரம்பலூரில் சுட்டு, தூக்குவாளியில் அடுக்கி, அரியலூரில் இருக்கும் அப்பாயிக்குக் கொண்டுபோவார். 2024ஆம் ஆண்டு அதற்கு வழியில்லாமல் போயிற்று. டிசம்பர் முதல் வாரத்தில் அம்மா வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அப்பாயிக்கோ நவம்பரில்தான் கண்புரை அறுவை முடிந்திருந்தது. பற்களும் எண்ணிப் பார்த்தால் ஆறு தேறும்.

"இந்த வருசம் கடையில வாங்கிக்கலாம்" என்றார் அம்மா.

"வேண்டாம்மா, நாங்க செய்றோம்" என்றோம் அக்கா தங்கை இருவரும். ஒருத்தி பிளஸ் ஒன், ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு. அதுவரை நாங்கள் சுட்டது அப்பளம் மட்டுமே என்பதை அம்மா நினைவூட்டினார். நாங்கள் கேட்கவில்லை.

குவைத்தில் இருக்கும் சித்தி தொலைபேசியில் ஒரு செய்முறை சொன்னார். காரட் கேக்கைப் பிஸ்கட்டாகச் சுட்டு, இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே கிரீம் வைத்து ஒட்ட வேண்டுமாம். மெத்தென்று இருக்கும், அப்பாயிக்கு ஏற்றது என்றார். கேக்கில் காரட்டா என்று வியந்தோம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் சர்க்கரைக்கு அளவு வைத்துவிட்டார்கள். 1940இல் தொடங்கிய அந்தப் பங்கீடு 1953 வரை நீடித்தது. இனிப்புக்கு வழியில்லாத தாய்மார்கள் காரட்டைத் துருவிப் போட்டுக் கேக்கும் புட்டிங்கும் செய்து பிள்ளைகளைச் சமாளித்தார்களாம். பஞ்சத்தில் கைகொடுத்த பலகாரம் என்று தெரிந்ததும் எங்களுக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அரையாண்டுத் தேர்வு முடிந்த 23ஆம் தேதி மாலை வேலையைத் தொடங்கினோம். மைதா 300 கிராம், வெண்ணெய் 150, நாட்டுச் சர்க்கரை 150, ஊட்டிக் காரட் துருவல் ஒரு தம்ளர், முட்டை ஒன்று, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் கொஞ்சம். முந்திரி மட்டும் ஜெயங்கொண்டம் பக்கத்துச் சரக்கு; அப்பாயி கொடுத்தனுப்பியது. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் தட்டு. உப்பு சூட்டைப் பிடித்துவைத்து மெதுவாகக் கொடுக்கும். தட்டுக்கு எட்டு பிஸ்கட், ஈட்டுக்கு இருபது நிமிடம்.

முதல் ஈடு எட்டும் கைகோத்துக்கொண்டு ஒரே தோசையாகிவிட்டது! காரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். அதைப் பிழியாமலே மாவில் கொட்டியிருந்தோம். மிச்ச மாவில் கொஞ்சம் மைதா சேர்த்துப் பிசைந்தோம். தோசையைக் கரண்டியால் வழித்து நாங்களே தின்றோம். அடுத்த மூன்று ஈடும் பார்க்க வேண்டுமே! ஓரம் பொன்னிறம், நடுவில் மெத்து. அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு சொல் எங்களைக் கெடுத்தது.

ஐந்தாம் ஈட்டை வைத்துவிட்டு, குடிலுக்கு நட்சத்திரம் கட்டப் போனோம். உப்பு நேரம் ஆக ஆகச் சூடேறிக்கொண்டே போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் மேலே அழகான பழுப்பு, அடியில் அட்டைக் கரி. தணலைக் குறைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஆறாம் ஈட்டை வைத்தோம். அதுவும் அப்படியே. இரண்டு ஈடு, பதினாறு பிஸ்கட். மாவும் தீர்ந்துவிட்டது. காசும் தீர்ந்துவிட்டது. அம்மா மருந்து போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

அரை லிட்டர் தயிரைத் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டு, காலையில் வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்துக் குழைத்தோம். வெள்ளை வெளேரென்று கிரீம் வந்தது. முதல் ஜோடியை ஒட்டியபோதுதான் அந்த யோசனை பிறந்தது. யாருக்கு முதலில் தோன்றியது என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு உண்டு. கரிந்த பக்கத்தை உள்ளே திருப்பி, மேலே கிரீமைத் தடவி மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? மூடினோம். அம்மா தின்ற ஒன்று போக மிச்சம் முப்பத்தொன்பது. துணையில்லாத ஒன்றை நாங்களே தின்றோம். ஆக பத்தொன்பது ஜோடி. அதில் எட்டுக்குள் கரி. எல்லாவற்றையும் கலந்து அடுக்கினோம். பாவசங்கீர்த்தனம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருந்ததால், அந்த வழியில் எச்சரிக்கவும் ஆளில்லை.

எதிர்வீட்டிலிருந்து ரம்ஜானுக்குப் பிரியாணி வரும். பக்கத்து வீட்டிலிருந்து தீபாவளிக்குப் பலகாரம் வரும். இரண்டு வீட்டுக்கும் நந்நான்கு கொடுத்தோம். முட்டை சேர்த்திருக்கிறோம் என்று சொல்லியே கொடுத்தோம். அதைச் சொன்ன வாய் மற்றதைச் சொல்லவில்லை.

நள்ளிரவுப் பூசை முடிந்து, 25ஆம் தேதி காலை பதினொரு ஜோடியுடன் பஸ் ஏறினோம். மடியில் டப்பா, கையில் ஈரத்துணி. வெண்ணெய் 32 பாகையைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். வழியெல்லாம் மக்காச்சோளக் காடு. அரியலூரை நெருங்கினால் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி அது; நத்தைகளும் சிப்பிகளும் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. எங்கள் ஆறாம் ஈட்டையும் அங்கே புதைத்திருக்கலாம்.

அப்பாயி ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் பக்தை. அங்கே வாழ்ந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதைகளைச் சொல்லித்தான் எங்களைத் தூங்கவைப்பார். டப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்தார். கடிப்பார் என்று பார்த்தால், பல் இல்லாதவர் என்ன செய்வார்? கிரீம் பிஸ்கட்டைச் சின்னப் பிள்ளைகள் திருகுவதுபோல இரண்டாகத் திருகி, கிரீமை நக்கினார்.

நாங்கள் இருவரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

அப்பாயி நக்குவதை நிறுத்தினார். பிஸ்கட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "ஏம்மா, எனக்குக் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிருச்சுன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

அம்மா ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். சொன்னோம். முழுவதையும், பக்கத்து வீடுகள் உட்படச் சொன்னோம். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. அப்பாயி திட்டவில்லை. "பரமார்த்த குருவோட சீடப்பிள்ளைக ரெண்டு நம்ம வீட்டுக்கே வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டி கேட்டார். மிச்சத்தையும் எங்களையே திறக்கச் சொன்னார். மொத்தம் ஐந்தில் கரி. அவற்றைச் சுரண்டச் சொல்லி, சுரண்டியதையும் தின்றார். "காரட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஐந்து போக மீதி மூன்று பெரம்பலூரில். மறுநாள் ஊர் திரும்பியதும் எதிர்வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே அந்த வீட்டுச் சின்னப் பையன், "அக்கா, உள்ள சாக்லேட் வச்சது இன்னும் இருக்கா?" என்று கேட்டான். அது சாக்லேட் அல்ல என்று அவனுக்குப் புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. அவன் நம்பியதாகவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அத்தை நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்தார். இரண்டு மிச்சம் இருந்தன. எங்கள் முன்பே திருகிப் பார்த்தார். ஒன்று நல்லது, அதை வைத்துக்கொண்டார். கரிந்ததை எங்கள் கையில் கொடுத்து, "அடுத்த வருசம் சுடுறப்போ கூப்பிடுங்க, அடுப்பை நான் பாத்துக்கிறேன்" என்றார். வெறும் டப்பாவைத் திருப்பும் வழக்கம் அவருக்கு இல்லை. கை நிறைய வேர்க்கடலை போட்டுக் கொடுத்தார்.