மூன்றால் பெருக்கியது

பொதிகை என்றதும் தென்றல் என்று எழுதிவிடும் பழக்கம் நம் கவிஞர்களிடம் பல நூறு வருஷங்களாக இருந்து வருகிறது. ஆனி, ஆடியில் அதன் உச்சியில் வீசுவது தென்றல் அல்ல. 1855இல் அகஸ்தியர் சிகரத்தில், சுமார் 6200 அடி உயரத்தில், ஓர் ஆய்வுக்கூடம் அமைத்த ஜான் ஆலன் பிரௌனுக்கு இது தெரிந்திருக்கும். ஸ்காட்லாந்துக்காரர், திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்துக்கு இயக்குநர். குறுமுனி தமிழ் வளர்த்ததாகச் சொல்லும் இடத்தில் எண்களை எழுதிவைத்தவர். நம் இலக்கிய சரித்திரங்களில் அவருக்கு இடமில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லைதான்.

இதெல்லாம் என் கவனத்துக்கு வந்தது ஒரு நண்பனால். கல்லிடைக்குறிச்சிக்காரன். பணகுடிப் பக்கம் காற்றாலைக் கம்பெனி ஒன்றில், காற்றின் வேகத்தை அளக்கும் கம்பங்களில் ஏறிக் கருவி மாற்றுவது அவன் வேலை. மூன்று சிறு கிண்ணங்கள், ஓர் அச்சு. பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி. போன வருஷம் பாபநாசம் படித்துறையில் சந்தித்தபோது அவன் சொன்னான்: "பேரிங் தேஞ்சிட்டா லேசான காத்துக்கு அசையாது அண்ணாச்சி. காத்தே இல்லைன்னு பதிவாயிரும். அதுக்குத்தான் ஒவ்வொரு கிண்ணத்தையும் சோதிச்ச தாள் ஒண்ணு கூடவே வரும். அது இல்லாம மேல ஏத்த மாட்டோம்."

வேறொன்றும் சொல்லவில்லை.

கிண்ணக் கருவியைப் பற்றித் தேடிப் படித்தேன். அயர்லாந்தில் அர்மா வானாய்வுக்கூடத்தின் ராபின்சன் 1846இல் நான்கு கிண்ணங்கள் கொண்ட கருவியை விவரித்தார். கிண்ணம் எந்த அளவானாலும், கை எந்த நீளமானாலும், காற்றின் வேகம் கிண்ணத்தின் வேகத்தைப்போல் மூன்று மடங்கு என்று நம்பினார். வெகுகாலம் வானிலைக்காரர்கள் மூன்றால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த எண் கருவிக்குக் கருவி மாறும், இரண்டை ஒட்டியும் இருக்கலாம் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. இன்னொரு கோளாறும் உண்டு. வீச்சு வந்தால் கிண்ணம் உடனே வேகம் பிடிக்கும். ஓய்ந்தால் அவ்வளவு சீக்கிரம் தணியாது. ஆகவே குமுறும் காற்றை அது உள்ளதைவிட அதிகமாகவே சொல்லும். (உரத்துப் பேசும் கவிதைகளுக்கு நம் பத்திரிகைகளில் கிடைக்கும் மதிப்புரைகள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

நான்கு வருஷங்களுக்கு முன் அந்த நண்பனின் ஒரே தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுதினேன். "இவ்வரிகளில் இயக்கமில்லை" என்றேன். பிறகு அவன் எழுதவில்லை. என் மூன்று எது? பி.ஏ. வகுப்பில் எலியட்டின் கட்டுரைகளை வைத்து எடுத்த குறிப்புகள், இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள், அப்புறம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த, கூட்டுத்தொகை இன்றே சரியாக வேண்டும் என்கிற அவசரம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவனின் வரிகளை இவற்றால் பெருக்கினேன். என் கருவிக்குச் சோதித்த தாள் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் தொகுப்பை மறுபடி படித்தேன். பெரும்பாலானவை இப்போதும் அசையவில்லை. அதை மாற்றிச் சொல்வதாக இல்லை. ஆனால் தண்ணீர் வற்றிய ஆற்றில், துவைக்கிற கல்லைத் தேடி நடுவரைக்கும் போகிற அம்மாவைப் பற்றி ஏழு வரிகள் இருக்கின்றன. அன்று அதை நான் குறிப்பிடக்கூட இல்லை. அந்தப் பக்கத்தைப் பெயர்த்தெழுதி, பக்கத்தில் நான்கு வரி சேர்த்து அவனுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆடிக்காற்று அடிக்கிறது, இந்த மாதம் கம்பம் ஏற விடமாட்டார்கள், ஊரில்தான் இருப்பான்.