கொல்லைக்கு ஓர் அடுப்பு

நம் ஊருக்குப் படப்பை என்று பெயர். பழந்தமிழில் படப்பை என்றால் வீட்டை அடுத்த தோட்டம், கொல்லை என்று பொருள். ஊரின் பெயரே இப்படி அமைந்திருக்கும்போது ஊராருக்குக் கொல்லையின் மீது தனிப் பிரியம் இருப்பதில் ஆச்சரியம் என்ன? தாம்பரத்துக்கு மேற்கே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இரு மருங்கிலும் வயல்கள் மனைகளாகிவிட்டன, மனைகள் வீடுகளாகிவிட்டன. ஆயினும் வீட்டின் பின்னால் ஒரு முருங்கைக்கும், ஒரு வாழைக்கும், ஒரு துவைக்கும் கல்லுக்கும் இடம் விட்டுக் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

இந்தக் கொல்லைகளுக்கு இப்போது ஒரு புதிய விருந்தாளி வந்திருக்கிறது. அதன் பெயர் பார்பிக்யூ அடுப்பு. கரீபியத் தீவுகளின் ஆதிகுடிகள் நெருப்புக்கு மேல் கட்டிய மரப்பரணின் பெயரை ஸ்பானியர் 'பார்பக்கோவா' என்று எடுத்துக்கொள்ள, அது பல தேசம் சுற்றி நம் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெயர்தான் புதிது, காரியம் புதிதல்ல. கரிகாற் சோழன் அளித்த விருந்தைக் கூறும் பொருநராற்றுப்படையில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி வருகிறது.

நம் வீட்டிலும் ஒன்று வாங்கவேண்டுமென்று தீர்மானம் பிறந்தது. மகன் கோழிக்காக ஆதரித்தான். மகள் சோளக் கதிருக்காக. இல்லத்தரசி சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்காக. எதிர்த்தவர் நம் தாயார் ஒருவரே.

"எத்தனை வருஷம் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து புகை குடித்தேன்! காஸ் வந்த பிறகுதான் கண் எரிச்சல் நின்றது. அந்தப் புகையைக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

இதற்குப் பதில் சொல்ல ஒருவரும் துணியவில்லை. எழுபதை நெருங்கும் அவருக்கு மழைக்காலம் வந்தால் மூச்சிரைப்பு வந்துவிடும். பழைய அடுப்படிப் புகைக்கும் அதில் பங்கு உண்டு என்பது வைத்தியரின் அபிப்பிராயம். வீட்டுக்குள் எரியும் விறகு, வரட்டி, கரி முதலியவற்றின் புகையால் 2020-இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஒரு தலைமுறைக்குத் தண்டனையாக இருந்தது அடுத்த தலைமுறைக்கு உல்லாசமாகிறதென்றால், அந்த உல்லாசத்தைச் சற்று ஜாக்கிரதையாகத்தான் வீட்டுக்குள் அழைக்க வேண்டும்.

ஆகவே, 'எது ருசியாகச் சுடும்?' என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, 'எது நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் புகையும்?' என்று கேட்கத் தொடங்கினோம். பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் நமக்கு இது அனுகூலமான கேள்வி.

புகை என்பது முழுவதும் எரியாமல் தப்பிய எரிபொருள். காற்றுப் போதாமல் மடிந்து எரியும் விறகு அடர்ந்த கசப்புப் புகையைக் கக்குகிறது. தாராளமாகக் காற்றுக் கிடைத்தால் மெல்லிய நீலப் புகை மட்டும் எழுகிறது. விறகைக் காற்றுப்படாமல் சூடேற்றி, ஆவியாகக் கூடியவற்றை முன்கூட்டியே வெளியேற்றினால் கரி கிடைக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேல மரத்தை அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போடுவது இதற்காகவே. நம் கொல்லையில் கரி புகையாமல் கனிகிறதென்றால், அதன் புகையை மூட்டக்காரர் நமக்காக ஏற்கெனவே சுமந்துவிட்டார் என்று அர்த்தம்.

புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இறைச்சியின் கொழுப்பு தணலில் சொட்டி எரியும்போது எழும் புகையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. ஆகையால் நல்ல அடுப்புக்கு இரண்டு லட்சணங்கள் வேண்டும்: காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்க வேண்டும்; தணலுக்கு நேர்மேலே இல்லாமல் பக்கத்தில் வைத்துச் சுட இடம் இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். மூடியில்லாத தகரப் பெட்டி அடுப்பு விலை மலிவு. கதிருக்கும் மீனுக்கும் போதும். ஆனால் மெல்லிய தகரம் ஐப்பசி கார்த்திகை மழையில் துருப்பிடித்துவிடும். கதிர் சுட மட்டுமே அடுப்பு வேண்டுமென்றால், நம் குமுட்டி அடுப்பே அதைவிட மேல். அதற்குக் கீழே காற்று வாசலாவது இருக்கிறது. காஸ் கிரில் சுத்தமானது. ஆனால் காஸில் சுடுவதற்குக் கொல்லைக்குப் போவானேன்?

கமாடோ என்பது தடித்த பீங்கான் அடுப்பு. ஜப்பானியர் சோறு சமைத்த அடுப்பின் வழித்தோன்றல் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். 110 டிகிரி சென்டிகிரேடு சூட்டைப் பல மணி நேரம் ஒரே சீராகக் காக்கும். ஆனால் விலையும் கனமும் அதிகம். கீழே விழுந்தால் உடைந்துபோகும். புகைமூட்டுவதற்கென்றே செய்த 'ஸ்மோக்கர்' பெரிய இறைச்சித் துண்டை எட்டுப் பத்து மணி நேரம் வேகவைக்க ஏற்றது. துண்டு போட்ட கோழிக்கு அது எதற்கு?

கடைசியில் மூடி போட்ட உருண்டை அடுப்பைத் தேர்ந்தெடுத்தோம். 1952-இல் அமெரிக்காவின் சிகாகோப் பக்கத்தில், வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடலில் மிதக்கும் மிதவையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியை மூடியாகவும் ஆக்கினார். அந்த உருவந்தான் இது. அடியில் ஒரு காற்று வாசல், மூடியில் ஒன்று. தணலை ஒரு பக்கம் ஒதுக்கிக் கோழியை மறு பக்கம் வைத்து மூடினால், வெப்பம் சுற்றிச் சுழன்று வேகவைக்கிறது. கொழுப்பு தணலில் விழுவதில்லை. வாங்குகிறவர்கள் கடையிலேயே மூடி சரியாகப் பொருந்துகிறதா, காற்று வாசல்கள் தடங்கலின்றித் திரும்புகின்றனவா, கால்கள் ஆடாமல் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நலம். பீங்கான் பூச்சுள்ள கனத்த தகடு மழையைத் தாங்கும்.

கரியில் கொட்டாங்கச்சிக் கரி உத்தமம். நெடுநேரம் கனியும், புகை குறைவு. மண்ணெண்ணெய் ஊற்றுவதும், வர்ணம் பூசிய பலகையையோ பிளைவுட் துண்டையோ எரிப்பதும் கூடவே கூடாது. கரியின் மேல் சாம்பல் பூக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். கோழியின் உட்பகுதி 74 டிகிரியை எட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பு அறைக்குள் வரக்கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 2024-இல் கொடைக்கானலில் குளிருக்காக இத்தகைய அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கிய இளைஞர் இருவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

கோடை மாலைகளில் நம் ஊருக்குக் கடற்காற்று கிழக்கேயிருந்து வருகிறது. ஆதலால் அடுப்பைக் கொல்லையின் மேற்கு மூலையில் வைத்தோம். தாயாருக்கு நாற்காலியைக் கிழக்கே, பத்தடி தள்ளிப் போட்டோம். சுடுகிறவர்களே சாம்பலை அள்ளவும் கம்பியைத் தேய்க்கவும் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் நாள் கத்தரிக்காயை மகன் சுட்டான். மகள் தோலுரித்துப் பிசைந்தாள். கிண்ணம் கைக்கு வந்ததும் தாயார் ஒரு வாய் உண்டு பார்த்தார். "உப்புக் கொஞ்சம் குறைச்சல்" என்றார். ஆட்சேபம் வாபஸ் பெறப்பட்டது என்று நாம் எடுத்துக்கொண்டோம்.