குசினிக்கு வந்த புதுப் பெட்டி

அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாகா நகருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு பங்கில் நான் சில ஆண்டுகள் பணியாற்றியதை வாசகர்களுள் சிலர் அறிவர். 2019-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அப்பங்கு இல்லத்தில் இருவரே இருந்தோம்: நானும், ஓய்வு பெற்று அங்கேயே தங்கியிருந்த எண்பத்து நான்கு வயதுக் குருவானவர் ஒருவரும். அவரைப் பற்றியும், அவர் விரும்பி உண்ட மாட்டிறைச்சியைப் பற்றியும், அதைச் சமைப்பதற்கென வந்து சேர்ந்த ஒரு பெட்டியைப் பற்றியும் இம்மாதம் எழுத விழைகிறேன். சாமியாருக்குச் சமையற்கட்டில் என்ன வேலை என்று கேட்போர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

ஒமாகாவுக்கும் மாட்டிறைச்சிக்கும் உள்ள உறவு பழைமையானது. அந்நகரின் கால்நடைச் சந்தை 1955-இல் சிக்காகோ சந்தையையும் விஞ்சி உலகிலேயே பெரியதாயிற்று. 1999-இல்தான் அது மூடப்பட்டது. பெரியவருடைய தந்தையார் அச்சந்தையில் தொடர்வண்டியிலிருந்து மாடுகளை இறக்கிப் பட்டிகளுக்கு ஓட்டிச் செல்லும் கூலியாள். வாரக்கூலி கைக்கு வந்ததும், சனிக்கிழமை மாலையில் இரண்டு விரற்கடைக் கனமுள்ள இறைச்சித் துண்டம் ஒன்று வீட்டுக்கு வரும். அதைத்தான் அந்நாட்டார் ஸ்டேக் என்கின்றனர். தாயார் அதை இரும்புச் சட்டியில் வாட்டி ஐந்து பிள்ளைகளுக்கும் பகிர்ந்தளிப்பார். அமெரிக்க ஆயர்கள் 1966-இல் விதியைத் தளர்த்தும் வரை ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமை அங்கே சுத்தபோசனம் ஆதலின், சனிக்கிழமைத் துண்டத்துக்கு முந்திய நாளின் பசியும் சுவை சேர்த்தது என்பார் பெரியவர். குருவான பின்னும் அவர் அவ்வழக்கத்தை விடவில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் தாமே அடுப்பருகே நின்று சமைப்பார். அன்று குசினியில் பிறருக்கு இடமில்லை.

அவ்வாண்டு அக்டோபரில், சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு நாற்காலியில் அமர்ந்தவர் உறங்கிவிட்டார். புகை மண்டி, எச்சரிக்கை மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்து நின்றது. உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. சுவர் கறுத்தது, அவ்வளவுதான். ஆயினும் பங்குப் பேரவையார் கூடிப் பேசி, அடுப்புக்குச் செல்லும் எரிவாயுக் குழாயை அடைத்துவிட்டனர். பெரியவர் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை. அவருடைய உடன்பிறந்தாரின் மகள் ஓர் ஏர் ஃபிரையரை வாங்கிவந்து வைத்தார். குறித்த நேரம் முடிந்ததும் அது தானே அணைந்துவிடும் என்பதே அதை வாங்கியதன் காரணம். பெரியவரோ அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆகவே சனிக்கிழமைச் சமையல் என் தலையில் விழுந்தது.

நான் அஞ்சவில்லை. குருமடத்து விடுமுறைகளில் குசினியாருக்குத் துணை நின்றவன் அல்லவா? இறைச்சி என்றால் நன்றாக வேகவேண்டும். சிவப்பு எங்கும் தென்படலாகாது. இதுவே நான் கற்ற பாடம். பெட்டியை அதன் உச்ச வெப்பத்தில் வைத்து இருபத்தைந்து நிமிடம் விட்டேன். வெளியே வந்தது செருப்புத் தோலுக்கு அண்ணன். பெரியவர் அதைச் சிறு சிறு துண்டுகளாக அறுத்தார், நெடுநேரம் மென்றார், நன்றி கூறி எழுந்தார். மூன்று சனிக்கிழமைகள் இவ்வாறே கழிந்தன. அவருடைய அங்கியின் கழுத்துப்பட்டை தளர்ந்திருப்பதைக் கண்டேன். முதுமை என்று எண்ணிக்கொண்டேன். நான்காம் சனியன்று குப்பைக் கூடையை ஒழிக்கையில், மடித்த காகிதத் துவாலை ஒன்று அவிழ்ந்து விழுந்தது. மென்று விழுங்க இயலாத சக்கைகள் அத்தனையும் அதனுள் இருந்தன. என் மனம் புண்படுமே என்று அம்முதியவர் மேசைக்கடியில் ஒளித்து, பசியோடு எழுந்து போயிருக்கிறார். அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

மறுநாள் திருப்பலி முடிந்ததும், அவ்வூரில் இறைச்சிக்கடை வைத்திருந்த பங்கு மக்களுள் ஒருவரிடம் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். மாட்டின் தோள், கால் முதலிய உறுப்புகள் நாளெல்லாம் உழைப்பவை. அவற்றில் கொலாஜென் எனும் இணைப்புத்திசுப் புரதம் மிகுதி. நீரில் நெடுநேரம் வெந்தால்தான் அது கரைந்து கூழாகும். உழைத்து முதிர்ந்த மாட்டின் கறியை நம் அன்னையர் மணிக்கணக்கில் வேகவைத்தது அறியாமையன்று. அந்த இறைச்சிக்கு அதுவே முறை. முதுகின் இருபுறமும் உள்ள தசையோ அதிகம் உழைப்பதில்லை. அது இயல்பிலேயே மெதுவானது. சூடு 60 டிகிரி செல்சியசைக் கடந்து ஏற ஏற அதன் நார்கள் சுருங்கித் தம்மிடமுள்ள சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். 70-ஐத் தாண்டினால் வறட்சிதான். உள்ளிருந்து கசியும் சிவப்பு நீரை நான் இரத்தம் என்றே எண்ணியிருந்தேன். அது மயோகுளோபின் எனும் தசைப் புரதம் கலந்த நீராம். இரத்தம் மாட்டை அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது.

பெட்டியையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். பெயரில் பொரியல் இருப்பினும் அது எண்ணெயில் பொரிப்பதன்று. மேலே மின்கம்பிச் சுருள், அதனருகே ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை. ரொட்டி சுடும் அடுப்பைச் சிறிதாக்கி உள்ளே புயலை வீசச் செய்தாற்போன்ற அமைப்பு. பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே இது வீடுகளில் பரவிற்று. இறைச்சியின் மேற்புறம் பழுப்பேறி மணம் கமழ்வதற்குக் காரணமான வேதிமாற்றத்தை 1912-இல் மய்யார் எனும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் அது விரைவாக நிகழும். மேற்புறத்தில் ஈரம் இருக்கும்வரை சூடு 100-ஐ ஒட்டியே நின்றுவிடும். எனவே துண்டத்தைத் துடைத்து உலர்த்துவது பாதி வேலை.

ஐந்தாம் சனிக்கிழமை பெரியவரைக் குசினிக்கு அழைத்தேன். "நான் சமைக்கப் போவதில்லை, நீங்களே சமையுங்கள், எடுத்து வைக்கும் கைகள் மட்டும் என்னுடையவை" என்றேன். சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தார். ஒரு மணிக்கு முன்பே உப்பிட்டுக் குளிர்பெட்டியில் மூடாமல் வைத்திருந்த ஓர் அங்குலத் துண்டத்தை அவரே துடைத்தார், நடுங்கும் கைகளால் மிளகுத்தூள் தூவினார், எண்ணெய் பூசினார். பெட்டியை ஐந்து நிமிடம் வெறுமனே சூடேற்றினோம்; அவர்கள் கணக்கில் 400 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 200-க்குச் சற்று மேல். ஒழுகும் கொழுப்பு புகையாதிருக்கக் கூடைக்கடியில் சிறிது நீர் விட்டோம். ஐந்து நிமிடம் சென்றதும் புரட்டி, எட்டாம் நிமிடம் முதல் ஊசி வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகிப் பார்க்கலானோம். நிமிடக் கணக்கை நம்பலாகாது. துண்டத்தின் கனமும் பெட்டியின் வேகமும் வீட்டுக்கு வீடு மாறும்.

55 டிகிரியில் எடுத்துவிடச் சொன்னார் பெரியவர்; இளமைமுதல் அவருக்குப் பழகிய பதம் அது. நான் இசையவில்லை. முழுத் துண்டத்துக்கு 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் வேண்டும் என்பது அந்நாட்டு வேளாண்மைத் துறையின் அறிவுரை. கொத்திய கறியானால், மேற்புறத்துக் கிருமி உள்ளேயும் கலந்துவிடுவதால், 71 டிகிரி. முதியோர் உடல் இதில் துணிந்து பார்க்கத்தக்கதன்று. முணுமுணுத்தார்; ஆனால் வெப்பமானியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு எண்களை உரக்கப் படித்தார். 63 வந்ததும் எடுத்து, பலகையில் ஐந்து நிமிடம் விட்டு, நாரோட்டத்துக்குக் குறுக்கே மெல்லிய சீவல்களாக அரிந்தோம். நாரின் நீளத்தைக் கத்தி முன்னரே குறைத்துவிடுவதால் பல்லுக்கு வேலை குறைவு.

நடுவே இளஞ்சிவப்பு, சாறு வற்றவில்லை. அவர் பேசாமல் உண்டார். காகிதத் துவாலை மடித்தபடியே மேசைமேல் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு ஒழிந்ததும், "என் தாயாரின் இரும்புச் சட்டியில் மேற்புறம் இதைவிட நன்றாக முறுகும்" என்றார். அது உண்மையே, காய்ந்த இரும்பைத் தொட்டு ஏறும் சூட்டைக் காற்றால் ஈடுசெய்ய இயலாது. அப்படியே ஒப்புக்கொண்டேன். பின்னர் என் தட்டில் எஞ்சியிருந்ததை நோக்கி, "ஃபாதர், அதை முழுவதும் நீங்களே உண்ணப் போகிறீர்களா?" என்று கேட்டார்.