ஓரத்தில் விட்டுவைத்த ஒலி

திரைப்படத்தைக் காண்போர் காட்சியையும் ஒலியையும் ஒன்றாகவே பெறுகின்றனர். ஆயினும் அவை வெவ்வேறு கைகளில் வளர்ந்து இறுதியிலேதான் ஒன்றுகூடுகின்றன. படத்தொகுப்பாளர் தம் பணியை முடித்து, ஒலியைச் செப்பனிடுவோரிடம் அதனை ஒப்படைக்கும் கட்டம் ஒன்றுண்டு. என்னிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று படத்தொகுப்பாளராக உள்ளார். முதியவர் ஒருவரின் நினைவுகளைக் கூறும் ஆவணப்படத்தில் அரபுச் சொற்களின் உச்சரிப்பைச் சரிபார்க்க என்னை அழைத்திருந்தார். அப்போது இந்த ஒப்படைப்பின் நுட்பத்தை அருகிருந்து அறிந்தேன்.

முதலாவதாக, காட்சி இறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். இதனைப் 'பிக்சர் லாக்' என்பர். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், ஒப்படைத்தபின் இடையே 12 ஃபிரேம்களைச் சேர்த்தால், அவ்விடம் முதற்கொண்டு ஒலி அரை விநாடி முந்திச் சென்றுவிடும். உதடு அசையுமுன் குரல் கேட்கும்.

அடுத்து, பேச்சு, ஓசைகள், இசை ஆகியன தனித்தனி டிராக்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் விவரத்தோடு அவை 'ஏ.ஏ.எஃப்.' என்னும் கோப்பாகச் செல்கின்றன. ஓடும் நேரத்தைத் திரையிலேயே காட்டும் படப்பிரதியொன்றும் உடன் செல்கிறது. படம் தொடங்க இரண்டு விநாடி இருக்கும்போது, 2 என்னும் எண் தோன்றும் ஒரே ஃபிரேமில் ஒரு 'பீப்' ஒலி வைக்கப்படும். எண்ணும் ஒலியும் பொருந்தினால் தொடக்கம் பொருந்திற்று எனக் கொள்ளலாம். பழைய அரபுக் கையெழுத்துச் சுவடிகளில், அடுத்த ஏட்டின் முதற்சொல்லை முந்திய ஏட்டின் அடியில் எழுதிவைக்கும் வழக்கம் என் நினைவுக்கு வந்தது. எழுதியவர் அருகில் இல்லாதபோதும் அச்சொல் வரிசையைக் காட்டும்.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது 'ஹேண்டில்' என்பதாகும். ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும், படத்தில் இடம்பெறாத சில விநாடி ஒலியையும் சேர்த்தே அனுப்புவர். அந்தப் படத்தில் முதியவர் கூறிய 'ஸுபுஹ்' என்னும் சொல்லின் ஈற்றெழுத்து வெட்டில் மறைந்திருந்தது. மூச்சாகவே ஒலிக்கும் எழுத்தாதலால், அது வெறும் மௌனமெனத் தோன்றியிருக்கும். மீண்டும் சொல்லச் செய்யலாமென்றால், படம் முடியுமுன்பே அப்பெரியவர் மறைந்துவிட்டார். ஓரத்தில் விட்டுவைத்த விநாடிகளிலிருந்தே அவ்வெழுத்து மீட்கப்பட்டது. அவ்வறையின் பேச்சற்ற அமைதியையும் தனியே பதிவுசெய்து வைத்திருந்தனர். வெட்டுக்களின் இடைவெளியை நிரப்ப அது பயன்பட்டது.

இன்று நம் இல்லங்களிலும் பெரியோரின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்கின்றனர். அன்பர்கள் இரண்டு செயல்களை மேற்கொள்ளுதல் நலம். பேச்சு முடிந்ததும் உடனே நிறுத்தாது, சில விநாடி ஓடவிடுங்கள். பிறருக்கு அனுப்பச் சுருக்கிய பிரதி ஆயத்தமானதும் மூலப்பதிவை அழித்துவிடாதீர்கள். தேவையற்றதென நாம் ஒதுக்கும் ஓரத்தில்தான் ஒரு சொல்லின் எஞ்சிய பாதி இருக்கக்கூடும்.