மலையில் வளர்ந்தவனின் சாட்சி

பாட்டனும் முப்பாட்டனும் நரகத்திலா இருக்கிறார்கள்? 1551-ல் ஜப்பானின் யமகுச்சி நகரத்தில் பிரான்சிஸ் சவேரியாரை மடக்கிய கேள்வி இது. கேட்டவர்கள் விரோதிகள் அல்ல. ஞானஸ்நானம் பெறலாம் என்ற எண்ணத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள். உலகத்தைப் படைத்தவர் ஒருவரே என்கிறீர்கள். அவரை வணங்காதவர்களுக்கு நரகம் என்கிறீர்கள். அவரைப் பற்றி எங்கள் முன்னோர்களுக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லையே, அப்படியானால் அவரைக் கருணையுள்ளவர் என்று எப்படி ஏற்பது? கேள்வியில் குதர்க்கம் இல்லை, துக்கம்தான் இருந்தது.

சவேரியார் அதற்கு முன் பழகிய களம் வேறு. 1542-ல் கோவாவில் வந்திறங்கிய அவர், சில மாதங்களிலேயே முத்துக்குளித்துறைக்குப் போய், தூத்துக்குடி, மணப்பாடு கரையோரப் பரதவர்களுக்குத் தமிழில் ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார். பாஷை அவருக்கு வரவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார், கூட்டம் திருப்பிச் சொல்லும். அந்தக் கரையில் போதனை என்பது பெரும்பாலும் ஒப்பித்தல். ஜப்பானில் அது செல்லுபடியாகவில்லை. யமகுச்சியின் பிரபு ஓவுச்சி யோஷிதகா, பரிசுகளைப் பெற்றுக்கொண்டு, பிரசங்கத்துக்கு அனுமதியும் தங்குவதற்குக் காலியாகக் கிடந்த ஒரு மடத்தையும் கொடுத்தார். பௌத்தத் துறவிகளும் சாமுராய்களும் குடும்பப் பெண்களும் அங்கே வந்து குவிந்தார்கள். பகலும் இரவும் கேள்விகள். சூரியன் ஏன் ஓடுகிறது, இடி எங்கிருந்து வருகிறது, ஆத்மாவுக்கு நிறம் உண்டா என்பது வரை. சகோதரர் யுவான் பெர்னாண்டஸ் மொழிபெயர்க்க, சவேரியார் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னோர் பற்றிய கேள்வி வந்தபோதுதான் அவர் சற்று நின்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

அவர் சொன்ன பதில், 1552 ஜனவரி 29-ம் தேதி கொச்சியிலிருந்து ஐரோப்பாவில் இருந்த சக சேசு சபையினருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் இருக்கிறது. சாரம் இதுதான்: சீனாவிலிருந்து சமயங்களும் நூல்களும் ஜப்பானுக்கு வருவதற்கு முன்பே, கொலை செய்வது, திருடுவது, பொய்ச்சாட்சி சொல்வது தீமை என்று ஜப்பானியர்களுக்குத் தெரியும். செய்தவனுக்கு மனம் உறுத்தியது. யார் சொல்லித் தெரிந்தது? எழுத்தறிவில்லாமல், எந்தப் போதனையும் காதில் விழாமல், மலையில் தனியாக வளர்ந்த ஒருவனைக் கூட்டிவந்து கேட்டுப் பாருங்கள், கொல்லலாமா, திருடலாமா என்று. அவன் பதில் சொல்வான். படைத்தவர் எல்லா மனிதர் நெஞ்சிலும் சட்டத்தை முன்பே வைத்துவிட்டார். ஆகவே கடவுள் உங்கள் முன்னோர்களைக் கைவிட்டார் என்று சொல்ல இடமில்லை.

கேட்டவர்களுக்கு அது திருப்தியாக இருந்தது, தடை நீங்கியது என்று சவேரியார் எழுதுகிறார். அவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடுகிற கேள்வியா அது?

வாதம் அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. கி.பி. 57 வாக்கில் ரோமில் இருந்த கிறிஸ்தவர்களுக்கு பவுல் எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அதன் வேர் இருக்கிறது. மோசேயின் சட்டம் யூதர்களிடம் இருந்தது. மற்ற இனத்தாரிடம் இல்லை. எழுதிய சட்டம் இல்லாதவனை எந்தச் சட்டப்படி விசாரிப்பது? அவர்கள் சட்டம் கேட்காமலே இயல்பாக அதன்படி நடக்கும்போது, சட்டம் நெஞ்சில் எழுதப்பட்டிருப்பது வெளிப்படுகிறது என்பது பவுலின் பதில். அதற்கு அவர்களுடைய மனச்சாட்சியே சாட்சி. சட்டம் கையில் இருந்தும் மீறியவன் அதன்படி தீர்ப்புப் பெறுவான், இல்லாதவன் நெஞ்சறிந்தபடி. சட்டப் புத்தகம் வைத்திருப்பதையே பெருமையாக நினைத்தவர்களுக்குக் கொடுத்த குட்டு அது.

பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கு 'கூட இருந்து அறிதல்' என்று பொருள் சொல்லலாம். தமிழில் அது 'மனச்சாட்சி' ஆனது. கிரேக்கச் சொல் அறிவைப் பேசுகிறது. தமிழ்ச் சொல் சாட்சிக் கூண்டில் ஏற்றியே விடுகிறது. பவுல் தனியாக ஒரு வினைச்சொல் போட்டுச் சொல்ல வேண்டியிருந்ததை தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. சாட்சி என்றால் ஒரு சங்கடமும் உண்டு. சாட்சி பிறழலாம்.

அது பிறழ்வதை சவேரியாரே தெருவில் பார்த்தார். யமகுச்சியின் வீதிகளில் பெர்னாண்டஸ் ஒரு நூலிலிருந்து ஜப்பானிய மொழியில் உரக்கப் படிப்பார், பக்கத்தில் சவேரியார் நிற்பார். கண்டித்த பாவங்களில் முக்கியமானவை மூன்று: விக்கிரக வழிபாடு, ஆண்-ஆண் உறவு, சிசுக்கொலை. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிறுவர்கள் பின்னால் ஓடிக் கேலி செய்தார்கள். சவேரியாருக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்த பாவங்கள் அந்த வீதிக்காரர்களுக்கு உறுத்தவே இல்லை. பசிக்குப் பயந்து பிறந்த குழந்தையைக் கொல்வது கொலை என்று மலையில் வளர்ந்தவன் சொல்லியிருப்பானா? சொல்லியிருக்கலாம். பௌத்தச் சிலையை வணங்குவதும் குற்றம் என்று அதே மனிதன் சொல்லியிருப்பானா? இங்கே சவேரியாரின் சோதனை அவருக்கே உதவாது. நெஞ்சில் எழுதியிருப்பது எது, ஊர் எழுதியது எது என்று பிரித்துக் காட்டும் கருவி அவரிடம் இல்லை. இன்றும் யாரிடமும் இல்லை.

13-ம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் இந்த இடத்தில் இடறியிருக்கிறார். பண்டைய ஜெர்மானியர்களிடையே கொள்ளையடிப்பது தவறாகக் கருதப்படவில்லை என்று ஜூலியஸ் சீஸர் எழுதியதை எடுத்துக்காட்டி, கெட்ட பழக்கமும் உணர்ச்சி வேகமும் நெஞ்சின் சட்டத்தை மங்கச் செய்யும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் மனச்சாட்சி தவறாகச் சொன்னாலும் அதை மீறி நடப்பது பாவம்தான் என்றும் அவர் சொன்னார். அறிய வேண்டியதை அலட்சியத்தால் அறியாமல் விட்டவனுக்கு மட்டும் தப்ப வழியில்லை. சவேரியாரின் மலைவாசிக்கு அக்வினாஸிடம் ஒரு அண்ணனும் உண்டு: காட்டில் விலங்குகளோடு வளர்ந்தவன். நன்மையை நாடி, தீமையை விலக்கி, அறிவு காட்டிய வழியில் அவன் நடந்தால், விசுவாசத்துக்குத் தேவையானதை கடவுள் அவனுக்கு உள்ளுக்குள் உணர்த்துவார், அல்லது ஒரு போதகரை அனுப்புவார் என்கிறார்.

யமகுச்சியில் அந்தப் போதகர் வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் காட்டில் இருந்தவர்கள் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்கள்.

கடிதத்தின் மிகக் கனமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. கிறிஸ்தவர்களானவர்கள் மறுபடி வந்தார்கள். நரகத்தில் இருப்பவர்களை மீட்க வழி உண்டா? அன்னதானம் செய்தால்? ஜெபித்தால்? பௌத்தக் குருமார்கள் அப்படி வழி உண்டு என்று சொல்லி வந்தார்கள். இறந்தவர்களுக்காகச் செய்யும் சடங்குகள் அந்த நாட்டு வாழ்க்கையின் நடுநாயகம். சவேரியார், வழியே இல்லை என்றார். அவர்கள் அழுதார்கள். தகப்பன், தாய், மனைவி, பிள்ளை என்று பெயர் பெயராக நினைத்து அழுதார்கள். அன்பான நண்பர்கள் இப்படித் தீர்வில்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்த்துத் தனக்கும் வருத்தம் வந்தது என்று அவரே எழுதுகிறார். கறாரான அந்த மனிதரின் கடிதங்களில் இப்படி ஒரு இளக்கம் அபூர்வம்.

நெஞ்சில் சட்டம் எழுதப்பட்டிருந்தது என்றால், தெரியாது என்ற சாக்கு முன்னோர்களுக்கு இல்லை. கடவுளுடைய நீதியைக் காப்பாற்றிய வாதம் பாட்டன்மாரைக் கூண்டில் நிறுத்தியது. ஆனால் பவுல் எழுதியதில் இன்னொரு பாதியும் உண்டு. மனிதரின் எண்ணங்கள் அவர்களைக் குற்றம் சாட்டவும் செய்யும், அவர்களுக்காகப் பரிந்து பேசவும் செய்யும் என்பதே அவர் சொன்னது. சாட்சி இரண்டு பக்கமும் பேசும். திருடாமல், பொய்ச்சாட்சி சொல்லாமல், அண்டை வீட்டுக்காரனுக்கு நெல் அளந்து கொடுத்து வாழ்ந்து முடிந்த ஒரு யமகுச்சிக் கிழவருக்கு அவருடைய மனச்சாட்சி என்ன சொல்லியிருக்கும்? சவேரியார் கண்ணில் வாக்கியத்தின் முதல் பாதிதான் பட்டது. நூல்களைச் சுமந்து போன அவருக்கு அந்த மறுபாதியை நினைவூட்ட அங்கே யாரும் இல்லை.

ஐரோப்பாவில் அது பேசப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. 1539-ல் ஸ்பெயினின் சாலமங்காவில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, அமெரிக்கப் பழங்குடிகள் கேள்விப்படாத ஒன்றை நம்பாததற்காக அவர்கள் மேல் பாவம் சாராது என்று வகுப்பெடுத்தார். மற்ற பாவங்களுக்கான தண்டனையை அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கதவு லேசாகத்தான் திறந்தது. அது முழுக்கத் திறக்க நாலு நூற்றாண்டு பிடித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் திருச்சபை பற்றிய சாசனத்தில், தங்கள் குற்றம் இல்லாமலே கிறிஸ்துவை அறியாதவர்கள், மனச்சாட்சி காட்டும் வழியில் நேர்மையாக நடந்தால் மீட்படைய முடியும் என்று எழுதியது. 1965-ல் வந்த இன்னொரு சாசனம், மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் அந்தரங்க ஆலயம் என்ற பொருளில் மனச்சாட்சியைப் பேசுகிறது. யமகுச்சியில் அழுதவர்களுக்குப் பதில் வந்து சேர 413 வருடம்.

சவேரியாரை மலைவாசியின் நண்பராக மட்டும் நினைத்துக்கொள்ளவும் முடியாது. 1546-ல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவுக்கு விசாரணை மன்றம் தேவை என்று கேட்டவரும் அவரே. அவர் இறந்து 8 வருடம் கழித்து, 1560-ல், கோவாவில் அது வந்தது. இடையில் சில வருடங்கள் நீங்கலாக 1812 வரை நடந்தது. அடுத்தவன் சமையலறையில் என்ன நடக்கிறது, விளக்கு எந்தத் திசையில் எரிகிறது என்று நெஞ்சுக்கு வெளியே எழுதிய சட்டங்கள் விசாரித்த காலம் அது. பழைய கோவாவின் பொம் ஜேசு பேராலயத்தில் அவர் உடல் இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை, கடைசியாக 2024 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை, தரிசனத்துக்கு வைக்கப்பட்டது. வரிசையில் நிற்பவர்களில் இந்துக்களும் உண்டு. அவர்களிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது சுவாரஸ்யமான யோசனை.

ஜப்பானில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1614-ல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. குருக்கள் விரட்டப்பட்டார்கள், ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். நாகசாகிப் பகுதியில் வருடந்தோறும் மக்களை வரிசையில் நிறுத்தி, இயேசு அல்லது மரியாள் உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதிக்க வைத்தார்கள். மிதிக்க மறுத்தால் சித்திரவதை. மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து, பரிகார ஜெபம் சொன்னார்கள். பாவமன்னிப்புக் கொடுக்கக் குரு இல்லாத நிலையில் முழு மனஸ்தாபமே போதும் என்று கற்பித்த ஒரு சிறு நூலைக் கையால் பிரதியெடுத்து, மனப்பாடம் செய்து, தலைமுறை தலைமுறையாகக் கடத்தினார்கள். அவர்கள் அதை 'கொஞ்சிரிசான்' என்றார்கள். போர்ச்சுகீசியச் சொல் தேய்ந்து வந்த வடிவம். குற்றம் செய்தவனும் தானே, சாட்சியும் தானே, நீதிபதி முன் போய் நிற்பவனும் தானே. இருநூறு வருடத்துக்கு மேல் இப்படி.

1865 மார்ச்சில், நாகசாகியின் ஔரா கோயிலில் இருந்த பிரெஞ்சுக் குரு பெர்னார் பெத்திஜானிடம் உரகாமி கிராமத்துக்காரர்கள் சிலர் வந்தார்கள். அவருடைய நெஞ்சும் தங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்று ஒரு பெண் தாழ்ந்த குரலில் தெரிவித்தார். பல்லாயிரம் பேர் மறைவிலிருந்து வெளிவந்தார்கள். 1873-ல் தடை கைவிடப்பட்டது.

எல்லோரும் திரும்பவில்லை. இகித்சுகி போன்ற தீவுகளில் கணிசமானவர்கள் ரோமின் திருச்சபையோடு சேர மறுத்துவிட்டார்கள். புதிதாக வந்த குருமார்கள் அவர்களுடைய ஞானஸ்நானத்தையும் ஜெபத்தையும் சரிபார்த்துத் திருத்தச் சொன்னார்கள். வீட்டுப் பௌத்தப் பூஜை மாடத்தையும் ஷிண்டோ மாடத்தையும் அகற்றச் சொன்னார்கள். அந்த மாடங்களில்தான் பாட்டன்மார் இருந்தார்கள். தகட்டை மிதித்துவிட்டு வந்து இரவெல்லாம் அழுது ஜெபித்த பாட்டன்மார். அவர்களை விட்டுவிட்டு வர மனம் இடம் தரவில்லை.