உமறுப் புலவர் பள்ளியை மூடியது சரியா?



சென்ற பள்ளி விடுமுறையில் அப்பாவைத் தேக்காவுக்கு அழைத்துச் சென்றேன். சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கி முடித்ததும், "பீட்டி ரோடு பக்கம் கொஞ்சம் போயிட்டு வரலாமாம்மா?" என்று கேட்டார். முழங்கால் வலியுடன் சிராங்கூன் சாலையில் அவ்வளவு தூரம் நடப்பது அவருக்கு எளிதன்று. இருந்தும் வாடகை வண்டி வேண்டாம் என்று கூறிவிட்டார். உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தின் வாயிலில் நின்று பெயர்ப்பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இடமும் வேற, கட்டடமும் வேற. பேராவது நிலைச்சிருக்கே" என்றார்.

என் அப்பா உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியில் படித்தவர். இளைய ஆசிரியர்களில் பலருக்கும் இன்றைய பெற்றோருக்கும் அந்தப் பெயர் மொழி நிலையத்தின் பெயராக மட்டுமே தெரியும். ஆகவே அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன்.

கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் 1941ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டே, 1946இல், அவ்வமைப்பு ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பெரும் செல்வர்கள் பலர் கூடி எழுப்பிய பள்ளியன்று அது. சிறு வணிகர்களும் உழைப்பாளிகளும் தங்கள் வருவாயில் மிச்சம் பிடித்து நடத்திய பள்ளி. 1960இல் அது உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டு உயர்நிலைக் கல்வி அளித்த ஒரே பள்ளியாகச் சிங்கப்பூரில் விளங்கியது. சமய வேறுபாடின்றித் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 1982ஆம் ஆண்டு, மாணவர் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்ட நிலையில், பள்ளி மூடப்பட்டது.

மூடியது சரியா, தவறா? எங்கள் வீட்டில் பலமுறை எழுந்த கேள்வி இது. சிறு வயதில் எனக்கு விடை மிக எளிதாகத் தெரிந்தது. நம் மொழியில் நடந்த ஒரே உயர்நிலைப்பள்ளியை மூடவிட்டது தவறு என்று உறுதியாக நம்பினேன். பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் ஒருநாள் அப்பாவிடம் இதைப் பற்றிச் சற்றுக் காரமாகவே பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் பெரியண்ணனை நான் எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்த்தேன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். அண்ணன் 1976இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தான். ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்ந்தான். அப்போது தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் சில இருக்கத்தான் செய்தன. அங்கே சேர்த்திருந்தால் பின்னர் அவன் உமறுப் புலவர் பள்ளிக்குப் போயிருப்பான். அப்பா அவ்வாறு செய்யவில்லை. தமிழில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறிய அவருக்கு, ஆங்கிலம் போதவில்லை என்ற காரணத்தால் வேலையில் உயர்வு கிட்டவில்லை. கிடங்கு ஒன்றில் பொருள்களைக் கணக்கெடுத்தே அவருடைய பணிக்காலம் கழிந்தது. "என் பள்ளிக்கூடத்து மேல எனக்கு உசிரு. ஆனா என் பிள்ளையும் கிடங்குக்குப் போகணுமா?" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

ஒரு பள்ளி மூடப்படும் நாள் ஏட்டில் பதிவாகிறது. அந்த முடிவோ பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வீடு வீடாக எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்காக அந்தப் பெற்றோரைக் குறைகூற என்னால் இயலவில்லை. வேலையும் மேற்கல்வியும் ஆங்கிலத்தை நோக்கிச் சென்றபோது அவர்கள் தம் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிப் பார்த்தார்கள். 1987 முதல் எல்லாத் தேசியப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று.

இந்த நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற தேசியக் கல்விக் கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அந்த வளாகம் ஒரு காலத்தில் சீனமொழிப் பல்கலைக்கழகமாகிய நன்யாங் பல்கலைக்கழகத்திற்கு உரியதாக இருந்தது. 1953இல் தொழிலதிபர் டான் லார்க் சை அதற்கான அழைப்பை விடுத்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வழங்கியது. திரிஷா ஓட்டுநர்களும் தங்கள் ஒருநாள் வருமானத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். 1956இல் வகுப்புகள் தொடங்கின. 1980இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. பழைய நிர்வாகக் கட்டடத்தில் இப்போது சீன மரபுடைமை நிலையம் இயங்குகிறது. பயிற்சிக் காலத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களுக்கும் நம்மைப் போன்றே ஒரு வருத்தம் இருக்கும் என்று எண்ணிக்கொள்வேன்.

அமெரிக்காவின் கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகங்களும் இதே சிக்கலைச் சந்தித்து வருகின்றன. வெள்ளையர் கல்விக்கூடங்களில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில் தோன்றியவை அவை. தென் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 1896இல் நிறுவப்பட்ட அத்தகைய அரசுக் கல்விக்கூடம். பிற கல்விக்கூடங்களின் கதவுகளும் திறந்த பிறகு, திறமையுள்ள மாணவர்களுக்கு வேறு வழிகள் கிடைத்தன. அது நல்ல செய்திதான். ஆயினும் நெருக்கடிக் காலத்தில் அவர்களைத் தாங்கிய கல்விக்கூடங்களை அதே செய்தி வலுவிழக்கச் செய்தது. 2015இல், கடனும் மாணவர் குறைவும் மிகுந்த அந்தப் பல்கலைக்கழகத்தை இரண்டு ஆண்டுகள் மூடிவைக்கலாம் என்று மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று முன்மொழிந்தது. எதிர்ப்பு எழுந்தது. அத்திட்டம் நிறைவேறவில்லை. பல்கலைக்கழகம் இன்றும் நடக்கிறது.

ஒன்று பள்ளி, மற்றவை பல்கலைக்கழகங்கள். நாடுகளும் வேறு. இருந்தாலும் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. மூடலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையையும் செலவையும் கணக்கிடுகிறார்கள். அக்கணக்கைத் தவறென்று சொல்ல முடியாது. நாற்பது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் எட்டுப் பேர் இருந்தால், அந்த எட்டுப் பேருக்கும் அது நல்ல கல்வியாக அமையாது. ஆனால் அக்கணக்கில் விடுபடுவது ஒன்று உண்டு. என்னைப் பயிற்றுவித்த மூத்த ஆசிரியர்களில் சிலர் உமறுப் புலவர் பள்ளியில் படித்தவர்கள். எதையும் மனத்துக்குள் மொழிபெயர்க்காமல் தமிழிலேயே எண்ணிப் பேசக்கூடியவர்கள். அவர்களைப் போன்ற ஆசிரியர்கள் இனி எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு எந்த வரவு செலவுக் கணக்கிலும் இடமில்லை.

ஆகவே, மூடியது சரியா என்று இன்று யாரேனும் என்னைக் கேட்டால், அந்தச் சூழலில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை என்பேன். அதன்பின் நடந்ததையும் சேர்த்தே சொல்வேன். மறு ஆண்டே, 1983இல், அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் தோன்றியது. தங்கள் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர்கள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள். பள்ளி போனாலும், அதன் பணியில் ஒரு பகுதி நின்றுபோகவில்லை.

அந்தப் பகுதியையும் காப்பாற்றுகிறோமா என்பதுதான் இப்போது என் கவலை. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசினர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது.

அப்பாவுடன் பீட்டி சாலைக்குச் சென்றுவந்த அடுத்த வாரம், தொடக்கநிலை ஆறில் படிக்கும் மாணவன் ஒருவனின் தாயார் என்னைச் சந்தித்தார். மகனுக்கு நல்ல மதிப்பெண் வரும் என்று எதிர்பார்க்கிறார். அவர் விரும்பும் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் இல்லை. "டீச்சர், பள்ளி முடிஞ்சு களைச்சுப்போய் மொழி நிலையத்துக்கு வேற அலையணுமே. தமிழுக்காக அந்தப் பள்ளியை விட்டுடலாமா? இல்ல, தமிழ் எப்படியோ போகட்டும்னு விட்டுடலாமா?" என்று கேட்டார்.

என் அப்பாவே ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் என் முன் அமர்ந்து கேட்பது போல இருந்தது. தமிழாசிரியை என்பதற்காக நான் அவருக்குக் குற்றவுணர்வை ஊட்டக் கூடாது. "அவனுக்குப் பொருத்தமான பள்ளியையே தேர்ந்தெடுங்கள். அலைச்சல் இருக்கும், ஆனால் நம் பிள்ளைகள் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். நிலையத்திலிருந்து அவன் திரும்பும் நாள்களில், அன்று என்ன படித்தான் என்று தமிழிலேயே கேளுங்கள். வீட்டில் யாரும் பேசாத மொழிக்காக எந்தப் பிள்ளையும் பேருந்தேறி அலைய விரும்பமாட்டான்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். நான் மட்டும் சிறிது நேரம் அங்கேயே அமர்ந்திருந்தேன். காரணத்தை மறைப்பானேன்? என் மகளும் நானும் வீட்டில் பாதி நேரம் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். பிறருக்குச் சொன்ன அறிவுரையை நானே பின்பற்றவில்லை.

அன்றிரவு மகளிடம் தாத்தாவின் பள்ளியைப் பற்றித் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவள் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். நான் தமிழில் விடை சொன்னேன். அடுத்த கேள்வியைத் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள். விடை எனக்குத் தெரியவில்லை. தாத்தாவிடமே கேட்கச் சொல்லித் தொலைபேசியை அவள் கையில் கொடுத்தேன்.

உங்கள் வீட்டில் எப்படி?